உலக முடிவு ஒன்பது மணிக்கு மேல் ஏன் மறைந்துபோகிறது? ஹோர்ட்டன் சமவெளியின் மேகக் கணக்கு

இலங்கையின் மத்திய மலைநாட்டில் உள்ள ஹோர்ட்டன் சமவெளிக்கும், அதன் செங்குத்து விளிம்பான உலக முடிவுக்கும் போய் வந்தவர்களின் பேச்சு இரண்டு விதமாக இருக்கும். சிலர் காலடியில் நேர்க்குத்தாக இறங்கும் பாறைச் சுவரையும், அதன் அடியில் பொம்மை வீடுகள்போலத் தெரிந்த தோட்டக் குடியிருப்புகளையும், தூரத்தில் கோடாக மின்னிய கடலையும் சொல்வார்கள். வேறு சிலர், இவ்வளவு தூரம் நடந்தும் முகத்துக்கு முன்னால் வெள்ளை வேட்டியைப் பிடித்ததுபோல மூட்டம்தான் நின்றது, வேறொன்றும் தெரியவில்லை என்பார்கள். இரு தரப்பாரும் ஒரே நாளில், இரண்டு மணிநேர இடைவெளியில், ஒரே இடத்தில் நின்றவர்களாகக்கூட இருக்கலாம்.

இதை அவரவர் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் அந்த வெள்ளைத் திரை பெரும்பாலான நாள்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வருகிறது. அதை வரவழைப்பது அந்த மலையின் வடிவமே. இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பமும் உண்டு. தை, மாசி மாதங்களில் 'மலையகத்தில் பனி கொட்டுகிறது' என்று படங்கள் பரவும். வெண்பனி பார்க்கலாம் என்று குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஏறுபவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. நிலத்தின் அமைப்பிலிருந்து தொடங்கினால் மற்றவை தானாக விளங்கும்.

மலைக்கு மேல் ஒரு சமவெளி

சமவெளி என்றால் வயலும் வாய்க்காலும் உள்ள தாழ்நிலம் நினைவுக்கு வரும். இது கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். பாடப் புத்தகங்களில் பீடபூமி என்று படித்த வகை. சுற்றிலும் சரிவுகள், மேலே மட்டும் மெல்ல ஏறி இறங்கும் திறந்த புல்வெளி. சிங்களத்தில் இதன் பழைய பெயர் மஹா எலிய. 1834இல் இங்கு வந்த பிரித்தானியப் படை அதிகாரிகள், அப்போதைய ஆளுநர் சேர் ரொபர்ட் வில்மொட் ஹோர்ட்டனின் பெயரை இதற்குச் சூட்டினார்கள்.

இலங்கையின் நிலத்தை மூன்று படிகளாகப் பார்ப்பது புவியியலாளர் வழக்கம். கரையோரத் தாழ்நிலம் முதற்படி. நடு உயரத்தில் இரண்டாவது. நுவரெலியாவும் ஹோர்ட்டனும் இருக்கும் உச்சிப் பகுதி மூன்றாவது. இந்தப் படிகள் நிலம் மேலே தள்ளப்பட்டதால் உண்டானவையா, நீண்ட கால அரிப்பால் உண்டானவையா என்ற விவாதம் பழையது. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: மேல்படியின் தெற்கு விளிம்பு பல இடங்களில் சரிவாக இறங்காமல் சுவராகவே இறங்குகிறது. சமவெளி அந்த விளிம்பில் சட்டென்று முடிகிற இடத்துக்குத்தான் உலக முடிவு என்று பெயர். அங்கே பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 870 மீற்றர். அதற்கு முன்னால் வரும் சிறிய உலக முடிவில் ஏறக்குறைய 270 மீற்றர்.

2,100 மீற்றர் உயரத்திலிருந்து தொடுவானம் கணக்குப்படி 160 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும். தெற்குக் கடற்கரையோ அதில் ஏறக்குறைய பாதித் தூரம்தான். ஆகவே கடல் தெரிகிறது என்பது கட்டுக்கதை அல்ல. இடையில் உள்ள காற்று தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில்தான் சிக்கலும் இருக்கிறது.

உயரம் உடலுக்கு என்ன செய்கிறது

ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். கொழும்பின் சராசரி 27 பாகை என்று வைத்து 2,100 மீற்றருக்குக் கழித்துப் பாருங்கள். 13 பாகை வரும். ஹோர்ட்டனின் ஆண்டுச் சராசரியும் 13 பாகையை ஒட்டியதே. இரவில் 5 பாகைக்கும் கீழே போகலாம். அதே நாள் உச்சிவெயிலில் 20 பாகையைத் தாண்டுவதும் உண்டு.

காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 77 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அதே விகிதத்தில் குறைகிறது. மேட்டில் ஏறும்போது வழக்கத்தைவிட முன்னதாக மூச்சு வாங்குவது இதனால்தான். தலைவலி, வாந்தி என்று படுத்தும் மலைநோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல் தொடங்குவது. ஆரோக்கியமானவர்கள் இங்கே அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. இதயம், நுரையீரல் சார்ந்த நோயுள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

பலர் கவனிக்காமல் விடுவது வெயிலை. உயர உயரப் புறஊதாக் கதிர் கூடும். ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. குளிராக இருப்பதால் தோல் கருகுவது அப்போது தெரியாது, இரவில்தான் எரியும். தொப்பி குளிருக்கு மட்டுமானதல்ல.

மேகம் கீழிருந்து ஏறி வருகிறது

விளிம்பை மூடும் மேகம் எங்கிருந்தோ மிதந்து வந்து மலையில் முட்டுவதாகவே பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அந்தச் சுவரின் அடிவாரத்திலேயே பிறக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு சொல் வேண்டும்: பனிபடுநிலை. காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்குமோ, அந்த வெப்பநிலைதான் பனிபடுநிலை. காற்றில் ஈரம் கூடினால் அதுவும் உயரும்.

மேலே ஏறும் காற்று விரிந்து குளிரும். குளிர்ந்து பனிபடுநிலையைத் தொடும் உயரமே மேகத்தின் அடித்தளம். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: காற்றின் வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் உள்ள வித்தியாசத்தின் ஒவ்வொரு பாகைக்கும் 125 மீற்றர். இனி உலக முடிவின் ஒரு காலைப் பொழுதை வரிசையாகப் பார்ப்போம்.

1. இரவில் நிலம் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, சரிவு வழியே பள்ளத்துக்கு வழிந்து இறங்குகிறது. காற்றின் போக்கு மேலிருந்து கீழ்.

2. விடியும்போது பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று தேங்கியிருக்கும். அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று மூடிபோல நிற்கும். கீழே ஈரம் இருந்தாலும் அதனால் மேலே ஏற முடியாது. மேகம் இருந்தாலும் மூடிக்குக் கீழேதான் கிடக்கும். அதிகாலையில் விளிம்பில் நிற்பவர் காலுக்குக் கீழே விரிந்து கிடக்கும் மேகக் கடல் இதுதான்.

3. சூரியன் ஏறியதும் சரிவுகளும் தோட்டங்களும் சூடாகின்றன. மூடி கலைகிறது. காற்றின் போக்கு தலைகீழாகி, கீழிருந்து மேலே வீசத் தொடங்குகிறது. தேயிலையிலிருந்தும் காட்டிலிருந்தும் ஆவியான ஈரத்தையும் அது சேர்த்துக்கொண்டு வருகிறது.

4. சுவரின் அடி ஏறக்குறைய 1,200 மீற்றரில் இருக்கிறது. அங்கே காற்று 22 பாகை, பனிபடுநிலை 18 பாகை என்று எடுத்துக்கொண்டால் வித்தியாசம் 4. நான்கு முறை 125 என்றால் 500. அதாவது 1,700 மீற்றரில் மேகம் கட்டத் தொடங்கும். விளிம்பு அதற்கும் 400 மீற்றர் மேலே. மேகம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

5. இதோடு சமவெளியும் தன் பங்குக்கு உதவுகிறது. வெயில் பட்ட புல்வெளியை ஒட்டிய காற்று, அதே உயரத்தில் வெட்டவெளியில் இருக்கும் காற்றைவிட விரைவாகச் சூடாகி மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று இழுக்கப்படுகிறது. செங்குத்துச் சுவர் என்பதால் புகைபோக்கியில் ஏறுவதுபோல அது நேராக மேலே வரும்.

மூன்றாவது கட்டம் முடிந்து நான்காவது தொடங்குவது பெரும்பாலான நாள்களில் காலை 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையில். 'ஒன்பதுக்கு முன்னால் போய்விடுங்கள்' என்று எல்லாரும் சொல்வதன் அடிப்படை இதுதான். வெயில் எவ்வளவு நன்றாக அடிக்கிறதோ அவ்வளவு விரைவாகக் காற்று ஏறும். நுவரெலியாவில் எட்டரை மணிக்கு வானம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்துவிட்டு 'இன்று தெளிவான நாள், மெதுவாகப் போகலாம்' என்று முடிவெடுப்பதுதான் இங்கே மிகப் பெரிய தவறு.

பருவமும் கணக்கில் சேரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பகலிரவு பாராமல் ஈரத்தை அள்ளி வந்து மலையில் மோதும்; அப்போது அதிகாலைக் கணக்கும் பொய்க்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட இடைவெளிகளில்தான் மேலே சொன்ன ஒழுங்கு மிகத் தெளிவாகத் தெரியும்.

பனி என்ற ஒரு சொல்லும் நான்கு பொருளும்

தமிழில் பனி என்பது பரந்த சொல். புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, பாதையை மறைக்கும் மூட்டமும் பனி, உறைந்த படலமும் பனி, வானிலிருந்து விழும் வெண்துகளும் பனி. மார்கழிப் பனி என்று சொல்லும்போது இந்த மயக்கம் யாரையும் பாதிப்பதில்லை. செய்தித் தலைப்பில் வரும்போது பாதிக்கிறது.

ஹோர்ட்டனிலும் நுவரெலியாவிலும் தை, மாசி மாதங்களில் உண்டாவது துகள் உறைபனி. அது வானிலிருந்து விழுவதல்ல. மேகமில்லாத, காற்றசையாத, வறண்ட இரவில் புல் தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. புல்லின் மேற்பரப்பு பூச்சியத்துக்குக் கீழே போனதும் அதை ஒட்டிய ஈரம் வெள்ளைப் பொடியாகப் படிந்து உறைகிறது. வெப்பமானி தரைக்குமேல் ஆள் நெஞ்சளவு உயரத்தில் கூண்டுக்குள் இருப்பதால் அது 3 அல்லது 4 பாகை காட்டும்போதும் தரையில் உறைபனி இருக்கலாம். இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அளந்த இடம்தான் வேறு.

குளிர்ந்த காற்று தாழ்வான இடங்களில் தேங்குவதால் உறைபனியும் அங்கேதான் அதிகம். சமவெளியில் நடக்கும்போது கவனியுங்கள்: தாழ்ந்த அகன்ற பகுதிகளில் புல், எழுந்த மேடுகளில் காடு. இந்தப் புல்நிலத்துக்குப் பத்தனை என்று பெயர். தாழ்விலே முளைக்கும் மரக்கன்றுகளை உறைபனி கருக்கிவிடுவது இதற்கு ஒரு விளக்கம். பழங்காலத்து மனிதர் வைத்த தீ, மேய்ச்சல் என்பன வேறு விளக்கங்கள். ஒன்று மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

உறைபனி பார்க்க வேண்டும் என்றால் அது வெயில் ஏறியதும் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அதற்கும் விடியலே நேரம்.

மறைக்கும் மேகமே ஆறாக ஓடுகிறது

மேகம் விளிம்பைத் தாண்டியதும் காட்டுக்குள் நுழைகிறது. மழையே பெய்யாத நாளிலும் மரங்கள் சொட்டுவதை அங்கே பார்க்கலாம். இலையிலும் பாசியிலும் கிளைகளில் தொங்கும் தாடிபோன்ற கற்பாசியிலும் மேகத்தின் நுண்துளிகள் ஒட்டி, திரண்டு, கீழே விழுகின்றன. மழைமானியில் இந்த நீர் பதிவாவதில்லை. ஆண்டு முழுவதும் இப்படி நனையும் இந்தக் காட்டில் மரங்கள் குட்டையாகி, தலை தட்டையாகி, உடலெல்லாம் பாசி போர்த்தி நிற்கின்றன. இதை முகில்காடு என்பார்கள்.

காடு பிடித்த நீரையும் மழைநீரையும் கருமையான மண்ணும் பத்தனைப் புல்லின் வேர்களும் பஞ்சுபோல வைத்திருந்து மெல்ல விடுகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய ஆறுகளுக்கும் தலைநீர் இந்த மேட்டுநிலத்திலிருந்து போகிறது. நடைபாதையில் நீங்கள் கடக்கும் பெலிஹுல் ஓயா, பேக்கர் நீர்வீழ்ச்சியாக ஏறக்குறைய 20 மீற்றர் குதித்து, பிறகு வளவையோடு சேர்ந்து சமனலவெவ நீர்மின் தேக்கத்துக்கும் அதற்கும் கீழே உடவளவை வயல்களுக்கும் போகிறது. உலக முடிவில் மூட்டத்தைச் சபித்தவர் வீட்டு மின்விளக்கிலும் தட்டிலுள்ள சோற்றிலும் அந்த மூட்டத்துக்குப் பங்கிருக்கலாம்.

இது தெரிந்தவர்கள் முன்பே இருந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்ட காலத்தில், 1873இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்ட வேண்டாம் என்று ஆலோசனை கூறினார். இந்தச் சமவெளி தேயிலைத் தோட்டமாகாமல் தப்பியதற்கு அது ஒரு முக்கிய காரணம். பிற்காலத்தில் இங்கே விதை உருளைக்கிழங்கு பயிரிட்டதும் உண்டு. 1969இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. பரப்பு 3,160 ஹெக்டெயர்தான். நாட்டின் பெரிய பூங்காக்களோடு ஒப்பிட்டால் கையளவு. 2010இல் சிவனொளிபாத மலைக் காடுகளோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டில்தான், அழிந்துபோனதாகப் பலர் எண்ணியிருந்த ஹோர்ட்டன் தேவாங்கின் முதல் புகைப்படங்கள் வெளியாயின. குளிருக்கேற்ற அடர்ந்த மயிரும் குட்டைக் கைகால்களும் கொண்ட சிறிய உயிர் அது. மூக்கில் கொம்புள்ள ஓணான் போன்ற, இலங்கையின் இந்த உயரத்துக் காடுகளைத் தவிர வேறெங்கும் காண முடியாத உயிர்கள் இன்னும் பல. இவை வெப்பம் கூடினால் குளிர் தேடி இன்னும் மேலே போக வேண்டும். மேலே போக இடமில்லை. பூங்காவின் மிக உயர்ந்த முடி கிரிகல்பொத்த, அதுவே 2,400 மீற்றரை எட்டவில்லை. காட்டின் சில பகுதிகளில் மரங்கள் நின்ற நிலையில் காய்ந்து சாவதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். மண், நீர்ப்பற்றாக்குறை, மாசு என்று பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. காற்று சூடாகி மேகத்தின் அடித்தளம் மேலே நகர்ந்தால் காட்சிக்கு நல்லதாக இருக்கலாம்; மேகத்தைக் குடித்து வாழும் காட்டுக்கு அது தாகம்.

நடப்பவருக்கு இதனால் என்ன?

முதலில் நேரம். நுவரெலியாவிலிருந்து பாதை ஏறக்குறைய 32 கிலோமீற்றர், வளைவுகள் நிறைந்தது. ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும். நுழைவாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். விடுமுறை நாளில் அனுமதிச்சீட்டு வரிசையிலேயே அரை மணிநேரம் கரையலாம். நடை தொடங்கும் ஃபார் இன் என்ற இடம் வரை வாகனத்தில் போய், பை சோதனை முடித்து, அங்கிருந்து உலக முடிவுக்கு ஏறக்குறைய 4 கிலோமீற்றர் நடக்க வேண்டும். மேடுபள்ளத்தில் ஒன்றரை மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பார்த்தால் அதிகாலை நாலரைக்கு வண்டி ஏறியவர்தான் எட்டரைக்கு விளிம்பில் நிற்பார்.

அடுத்தது திசை. நடைபாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர் வட்டம். எந்தப் பக்கமும் தொடங்கலாம். முதலில் நீர்வீழ்ச்சிப் பக்கம் திரும்புவது தவறு. பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பத்தரைக்கும் பார்க்கலாம், அதற்கு மேகம் தடையில்லை. முதலில் சிறிய உலக முடிவு, பிறகு உலக முடிவு, திரும்பும் வழியில் நீர்வீழ்ச்சி.

உடை விடயத்தில் தடித்த ஒரு ஜம்பரைவிட மெல்லிய இரண்டு மூன்று அடுக்குகள் நல்லவை. ஆறு மணிக் குளிரும் பத்து மணி வெயிலும் ஒரே நடைக்குள் வரும். நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் நிற்பதுதான் இங்கே உண்மையான ஆபத்து, ஆகவே மழைக்கோட்டு தேவை. செருப்பு வேண்டாம். களிமண்ணும் வேரும் கல்லும் மாறி மாறி வரும் பாதை அது.

பை சோதனையில் பொலித்தீன் உறைகளை வாங்கி வைத்துக்கொள்வதும், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூடக் கிழித்தெடுப்பதும் சிலருக்கு எரிச்சல் தரும். காரணம் எளிது. உணவு மணம் ஒட்டிய உறையை மரை விழுங்கினால் அது செரிக்காமல் வயிற்றை அடைக்கும். வாகனத் தரிப்பிடத்தில் மனிதரை அண்டி நிற்கும் மரைகளுக்குப் படம் எடுப்பதற்காகப் பிஸ்கட் நீட்டுவது அந்தப் பழக்கத்தை வளர்க்கும் வேலை. பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பதும் இதே வகை விதி. பஞ்சுபோன்ற அந்த மண் மிதிபட்டு இறுகினால் நீரைப் பிடிக்காது. மழை அதன்மேல் வழிந்து ஓடி அரிக்கும். சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடு வெளி விதைகளும் வரும். மஞ்சள் பூவோடு அழகாகத் தெரியும் முட்புதரான கோர்ஸ் இப்படி வெளியிலிருந்து வந்து பத்தனைப் புல்லை விழுங்கிக்கொண்டிருக்கும் செடிதான்.

எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டாலும் சில நாள்களில் மேகம் முந்திக்கொள்ளும். அப்போது தெரியாததைப் பார்க்கும் ஆசையில் விளிம்பை நோக்கி இன்னும் ஓரடி வைக்கத் தோன்றும். ஈரப் புல் வழுக்கும். மூட்டத்தில் தரை எங்கே முடிகிறது என்று கண்ணால் மதிக்க முடியாது. நாலைந்து அடி பின்வாங்கிப் பாதையிலேயே உட்கார்ந்து கால்மணி நேரம் காத்திருங்கள். ஏறும் காற்று ஒரே சீராக ஏறுவதில்லை, விட்டு விட்டுத்தான் ஏறும். இரண்டு மேகங்களுக்கு இடையில் திரை கிழிந்து, பள்ளமும் தேயிலையும் ஒரு நிமிடம் தெரிந்து மறுபடி மூடிக்கொள்ளும்.